அலமாரியில் போன், போனில் நம்பர்

ஆபீஸில் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிடுவார்கள். அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அதில் அவளுடைய கைப்பைதான் உட்கார்ந்திருக்கும். கல்யாணமாகி வந்த புதிதில் மாமனார் யாரிடமோ, "இந்தப் பொண்ணுக்குக் கால்ல சக்கரத்தை மாட்டி அனுப்பிட்டாங்க" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. கேட்டுக்கொண்டு சும்மா போகிற ஆளா அவள்? "உங்க பையனுக்கு ஆணி அடிச்சு அனுப்பியிருக்கீங்களே மாமா, ரெண்டையும் சேர்த்தா சரியாப் போகும்" என்று அங்கேயே திருப்பிக் கொடுத்தாள். அன்றிலிருந்து மாமனாருக்கும் மருமகளுக்கும் நேர்ப்பேச்சு குறைவு, குத்துப்பேச்சு அதிகம். புருஷன்காரன் ஏசி ரிப்பேர் பார்ப்பவன். இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டுத் தூங்கப் போய்விடுவான். அவனைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றும் இல்லை.

அவள் வேலை பார்த்தது, வீட்டில் படுத்திருக்கிற நோயாளிகளுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் அனுப்புகிற கம்பெனியில். நீளமான கூடம். ஒரு பக்கம் வரிசையாகப் போனும் கம்ப்யூட்டரும். மறுபக்கம் ஒரு சன்னல். சன்னலுக்கு அந்தப் புறம் வண்டியில் சிலிண்டர் ஏற்றுகிற இடம். போன் வந்தால் எடுக்க வேண்டும், ஸ்கிரீனில் அந்த வீட்டின் விவரத்தைப் பார்க்க வேண்டும், எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும், சன்னலுக்கு ஓடி ஏற்றுகிறவனிடம் சொல்ல வேண்டும், திரும்பி வந்து அதைப் பதிய வேண்டும். மற்றவர்கள் சன்னலைப் பார்த்து உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்துவார்கள். இவள் ஓடுவாள். கத்தினால் பாதி காதில் விழாமல் சின்ன சிலிண்டர் கேட்ட வீட்டுக்குப் பெரியது போகும் என்பது அவள் கட்சி. போனில் பேசுகிறவர்கள் சாவகாசமாகக் கதை பேசுகிறவர்கள் இல்லையே. பின்னால் மூச்சு மெஷின் கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருக்கும், பேசுகிறவர் குரல் நடுங்கும். அதைக் கேட்டுவிட்டு எப்படி உட்கார முடியும்?

மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பஸ் நிலையத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, எந்த பஸ் எந்த நடைமேடையிலிருந்து புறப்படும் என்று அறிவித்தே வயதானவர். மைக் மாமா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியும். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பியதும் மனுஷனுக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. தெருவில் போகிற வண்டி நம்பரையெல்லாம் வாசலில் நின்று சத்தமாகப் படித்தார். மருமகள் குழம்பு வைத்தால் உப்புக்கும் புளிக்கும் வர்ணனை கொடுத்தார். தொல்லை தாங்காமல் அவள்தான் மேனேஜரம்மாவிடம் கெஞ்சிக் கூத்தாடி, கூடத்தின் வாசலில் வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தாள். மாமனார் மேல் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பகலெல்லாம் அங்கே பேசித் தீர்த்தால் சாயங்காலம் வீடு நிம்மதியாக இருக்கும் என்றுதான். ஆனால் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு அவர் முதல் நாள் கிளம்பியபோது பத்து வயசு குறைந்த மாதிரி இருந்தார். அதையும் அவள் பார்க்காமல் இல்லை.

பிறகுதான் பூட்டு வந்தான். அது அவன் பேரில்லை, இவர்கள் வைத்த பேர். ஒல்லியாக, நகத்தைக் கடித்துக்கொண்டே பேசுகிற ஆள். கம்ப்யூட்டர் பாதுகாப்புக்கென்று மேலிடத்திலிருந்து போட்டார்கள். மாடியில் தனி அறை. சும்மா போடவில்லை. இதே தொழிலில் இருந்த இன்னொரு கம்பெனியில் எவனோ கம்ப்யூட்டருக்குள் புகுந்து, நோயாளிகளின் பேர், விலாசம், போன் நம்பர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டான். மூச்சுக்குத் திண்டாடுகிறவர்களுக்குப் போன் போட்டு, "பணம் கட்டலைன்னா மெஷினை எடுத்துட்டுப் போயிடுவோம்" என்று மிரட்டியிருக்கிறான். அந்தக் கதையைக் கேட்டுப் பம்பரமே ஒரு நிமிஷம் நின்றாள். ஆகவே பூட்டு வந்ததில் தப்பில்லை. திருடன் இருக்கிற ஊரில் கதவைப் பூட்டத்தான் வேண்டும்.

ஆனால் அவன் பூட்டுகிற பூட்டில் வீட்டுக்காரனே உள்ளே போக முடியவில்லை.

முதலில் பாஸ்வேர்டு மட்டும் போதாது, ஒவ்வொரு தடவையும் போனுக்கு ஒரு நம்பர் வரும், அதையும் போட்டால்தான் ஸ்கிரீன் திறக்கும் என்றான். சரி என்றார்கள். அப்புறம் மேஜையை விட்டு எழுந்து கொஞ்ச நேரம் போனால் ஸ்கிரீன் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்றான். முணுமுணுத்தார்கள். அதற்கு அடுத்த மாசம் எவளோ ஒருத்தி மேஜையோடு தன்னைப் படம் பிடித்து அனுப்ப, அதில் பின்னால் ஸ்கிரீனில் ஒரு நோயாளியின் விலாசம் தெரிந்துவிட்டது. உடனே, இனிமேல் கூடத்துக்குள் போனே கூடாது, வாசலில் இரும்பு அலமாரியில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று உத்தரவு.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஸ்கிரீன் திறக்க நம்பர் வேண்டும். நம்பர் வருவது போனுக்கு. போன் இருப்பது வாசல் அலமாரியில். மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் நியாயம். ஒரே ஆள் தலையில் மூன்றும் சேர்ந்து விழுந்தால் அவள் என்ன செய்வாள்? பம்பரத்துக்குத்தான் அடி அதிகம். உட்கார்ந்தே இருக்கிறவளுக்கு ஸ்கிரீன் பூட்டாது. இவள் சன்னலுக்குப் போய் வருவதற்குள் பூட்டிக்கொண்டு கறுப்பாக முறைக்கும். அலமாரிக்கு ஓடி, நம்பரை மனசுக்குள் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடி வருவாள். நடுவில் எவளாவது, "இன்னிக்கு என்ன சமையல்?" என்று கேட்டால் போச்சு, திரும்பவும் ஓட்டம்.

ஒரு நாள் ஒரு பையன் அழுதுகொண்டே போன் செய்தான், அவனுடைய அப்பாவின் மெஷின் நின்றுவிட்டதென்று. ஸ்கிரீன் பூட்டிக் கிடந்தது. போனைக் கீழே வைத்துவிட்டு ஓட அவளுக்கு மனசில்லை. கூடத்தின் கடைசியில், அலமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனாரைப் பார்த்து, "மாமா, என் போன், மஞ்சள் உறை, அதுல என்ன வந்திருக்கு படிங்க" என்று குரல் கொடுத்தாள்.

மனுஷன் எழுந்தார். தொண்டையைச் செருமினார். படித்தார் பாருங்கள், ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, இழுத்து, கடைசி எண்ணில் குரலை இறக்கி. கூடமே திரும்பிப் பார்த்தது. ஸ்கிரீன் திறந்தது, வண்டி போனது, அந்த அப்பா பிழைத்தார்.

அதற்கப்புறம் கேட்க வேண்டுமா. "மாமா, சிவப்பு உறை", "மாமா, பூப்போட்டது", "மாமா, உடைஞ்ச கண்ணாடி" என்று நாள் முழுக்க ஆளாளுக்குக் குரல். எல்லோருக்கும் மாமா ஆகிவிட்டார். ஒவ்வொரு நம்பரையும் இரண்டு தடவை படித்தார், பஸ் நிலையத்தில் அப்படித்தானே பழக்கம். வேலையும் மளமளவென்று நடந்தது. அனுப்புகிற சிலிண்டர் கணக்கு ஏறியதைப் பார்த்து மேலிடத்தில் பாராட்டுக்கூட வந்தது. பூட்டுக்கு அதில் ஒரே பெருமை. தான் போட்ட பூட்டால் வேலை கெடவில்லை என்று கூட்டத்தில் சொல்லிக்கொண்டான். எப்படிக் கெடவில்லை என்று யாரும் அவனிடம் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் அவன் முட்டாள் இல்லை. ஒரு நாள் மாடிப்படியில் இறங்கும்போது அந்தக் குரலைக் கேட்டுவிட்டான்.

மறுநாள் அவன் தன் அறையிலிருந்து பம்பரத்தின் பேரில், திருடன் நுழைகிற மாதிரி, கம்ப்யூட்டருக்குள் போகப் பார்த்தான். நம்பர் மஞ்சள் உறை போனுக்கு வந்தது. அதே நேரத்தில் குரலை மாற்றிக்கொண்டு வாசலில் மாமனார் மேஜைமேல் இருக்கிற ஆபீஸ் போனுக்குக் கூப்பிட்டான். தலைமை ஆபீஸிலிருந்து பேசுகிறேன், அந்த மஞ்சள் உறை போனில் ஒரு நம்பர் வந்திருக்கும், அவசரம் என்றான். ஆயுசு முழுக்க, எவன் வந்து எந்த பஸ் என்று கேட்டாலும் யார் நீ, எதற்குப் போகிறாய் என்று கேட்காமல் பதில் சொன்ன மனுஷன். அவர் வேலையே அதுதானே. எடுத்துப் படித்தார். இரண்டு தடவை. படித்து முடித்து, பழக்க தோஷத்தில், "பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றும் சொன்னாராம்.

மேனேஜரம்மா அறைக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர். உள்ளே பேசுவது கேட்காது, முகம் மட்டும் தெரியும். மாமனார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பம்பரம் வேலை செய்கிற மாதிரி சன்னலுக்கும் மேஜைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். ஒரு வீட்டுக்குப் போக வேண்டிய சிலிண்டரை இன்னொரு வீட்டுக்குப் பதிந்து, நல்லவேளையாகப் பக்கத்து மேஜைக்காரி பார்த்துச் சொல்லித் திருத்தினாள். படிக்கச் சொன்னது யார் என்றுதானே உள்ளே கேட்பார்கள்? அவர் வாயைத் திறந்தால் இவள் வேலை போகும். திறக்காவிட்டால் அவர் வேலை போகும். வாயை மூடிக்கொண்டிருப்பது அவர் பரம்பரையிலேயே கிடையாது என்பதால், தன் கதை முடிந்தது என்றே அவள் நினைத்தாள்.

வெளியே வந்தவர் இவளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். முடிவு நாளைக்கு என்றார்கள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் வீட்டில் அவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நாளைக்குப் போட்டுக்கொள்ளலாமா கூடாதா என்றே தெரியாத சட்டை. காலரை மட்டும் திரும்பத் திரும்பத் தேய்த்தார். அவள் அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். கரண்டியை எடுக்கப் போய் தட்டை எடுத்தாள், தட்டை வைக்கப் போய் நின்றாள்.

"யாரு படிக்கச் சொன்னதுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன சொன்னீங்க?"

"யாரும் சொல்லல, வாய் சும்மா இருக்க மாட்டேங்குது, நானாத்தான் படிச்சேன்னு சொன்னேன்."

"ஏன் அப்படிச் சொன்னீங்க? யாரு கேட்டா உங்களை?"

அவர் சட்டையைத் திருப்பிப் போட்டார். "உன் வேலை போனா நீ பகல்ல வீட்ல இருப்ப. நானும் இருப்பேன். ரெண்டு பேரும் ஒரே வீட்ல. எனக்கு இந்த வயசுல அது தாங்காதும்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல், காலர் தீய்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். உண்மையிலேயே தீய்ந்துதான் இருந்தது.

நிம்மதி என்றால் அவளுக்கு அப்போதே வந்திருக்க வேண்டும். பழி அவர் தலையில், வேலை இவள் கையில். சுயநலம் இல்லாத மனுஷி என்று அவளைச் சொல்ல முடியாது. சும்மா இருந்துவிடலாம் என்று அவளுக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் சும்மா இருப்பது அவளுக்கு வராத ஒன்று. அதுதான் அவளுடைய வியாதி.

காலையில் போனதும் மேனேஜரம்மா அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள். பூட்டும் அங்கேதான் இருந்தான்.

"நான்தான் படிக்கச் சொன்னேன். முதல் ஆள் நான்தான். மத்தவங்க எல்லாம் என்னைப் பார்த்துக் கத்துக்கிட்டவங்க. அவரை அனுப்புறதா இருந்தா என்னையும் அனுப்புங்க."

மேனேஜரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். விதி தெரியுமா தெரியாதா என்று கேட்டாள். தெரியும் என்றாள் இவள். தெரிந்துமா என்றாள் அந்தம்மா. ஆமாம், தெரிந்துதான் என்று சொல்லிவிட்டுப் பூட்டின் பக்கம் திரும்பினாள்.

"சார், நான் உங்களைக் குறை சொல்ல வரல. திருடன் வருவான், ஒத்துக்கிறேன். ஆனா நீங்க ஒரு நாள் என் இடத்துல வேலை செஞ்சு பாருங்க. போனை அலமாரியில வெச்சுட்டு வந்து செய்யுங்க. முடிஞ்சுதுன்னா நானே எழுதிக் குடுத்துட்டுப் போறேன்."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. நகத்தைக் கடிப்பதை நிறுத்தி, சரி என்றான். வாசலில் நின்று தன் போனை மாமனாரிடமே கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னான். அவளுடைய கைப்பையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து, அலமாரிக்கு ஒரு நடை போய் நம்பரைப் பார்த்து வந்து, தன் பேரில் ஸ்கிரீனைத் திறந்தான். கூடத்தில் எல்லாரும் வேலை பார்க்கிற மாதிரி ஒரு காதை இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

இரண்டு போனை ஒழுங்காகத்தான் சமாளித்தான். மூன்றாவதில் ஒரு பெரியவர், பெண்டாட்டியின் சிலிண்டரில் அளவு காட்டுகிற முள் சிவப்புக்கு வந்துவிட்டது என்றார். வண்டி எது என்று பார்த்தான், கத்தினான், சன்னலில் யாரும் திரும்பவில்லை. எழுந்து ஓடினான். ஏற்றுகிறவன் எந்த அளவு சிலிண்டர் என்று கேட்டான். அதைப் பார்க்கத் திரும்பி வந்தால் ஸ்கிரீன் கறுப்பு. போனில் அந்தப் பெரியவர், "தம்பி, இருக்கியா? இருக்கியாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பூட்டு வாசல் பக்கம் பார்த்தான். மாமனார் முழங்காலில் கையை வைத்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"பெரியவரே," என்றான் அவன், குரல் கம்மியாக. "என் போன்ல ஒரு நம்பர்..."

"படிக்கலாமா சார்?" என்று கேட்டார் மாமனார்.

ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல் மேஜைக்கடியில் குனிந்துகொண்டாள். அவன் தானே ஓடினான். ஓடி எடுத்து, ஓடி வந்து, நம்பரைப் போட்டபோது அதன் நேரம் முடிந்துவிட்டது என்றது ஸ்கிரீன். பம்பரம் அதற்குள் பக்கத்து மேஜைக்காரியின் ஸ்கிரீனில் அந்த வீட்டை எடுத்து, சன்னலுக்குப் போய்ச் சொல்லி, வண்டியைக் கிளப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் அவனைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரிக்கிற மாதிரி இல்லை அவன் முகம். போனில் கேட்கிற அந்தக் குரலை அவன் அதற்குமுன் கேட்டதே இல்லை.

மேனேஜரம்மாவிடம் அவனே போய்ப் பேசினான். மூன்று விதியும் தான் போட்டவை, மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கத் தவறியது தான்தான் என்று சொன்னானாம். சாவிக்கொத்து அளவுக்கு ஒரு சின்னக் கருவி இருக்கிறது, அதிலேயே நம்பர் தெரியும், போன் வேண்டாம், கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம், வாங்கித் தருகிறேன் என்றான். ஸ்கிரீன் பூட்டுகிற நேரத்தையும் கொஞ்சம் நீட்டினான். ஆனால் கருவி வந்து சேர நாளாகும். அதுவரை போன் அலமாரியில்தான். அவரவர் நம்பரை அவரவரே போய்ப் பார்க்க வேண்டும், எவரும் எவருக்கும் படிக்கக் கூடாது.

மேனேஜரம்மா அவ்வளவு சுலபத்தில் விடுகிறவள் இல்லை. இருவரையும் நிற்கவைத்துச் சொன்னாள். "இவர் மறுபடியும் ஒரு தடவை சோதிப்பார். எப்போ, எப்படின்னு எனக்கே தெரியாது. நம்பர் இந்த வாசலைத் தாண்டுச்சுன்னா ரெண்டு பேரும் சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்."

அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வாசல் போன் அடித்தால் போதும், பேசிக்கொண்டிருப்பதை நிறுத்திவிட்டு அந்தப் பக்கம் பார்ப்பாள். சோதனை இதுதானோ? தண்ணீர் கேன் போடுகிறவன் வந்து மாமனாரிடம் நின்று பேசினால், இவன் அவன் ஆளோ? புதிதாக ஒரு பெண் துடைக்க வந்தால், இவள் யார்? முன்பு கால் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது மனசும் சேர்ந்து ஓடியது. மாமனாரோ எதுவும் நடக்காத மாதிரி உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்தால் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வீட்டிலும் விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் போனை வாங்கி, சமையல்கட்டில் நின்றுகொண்டே கூடத்திலிருக்கிற மாமனாருக்குக் கூப்பிட்டாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு, பேங்க்கிலிருந்து பேசுகிறேன், உங்கள் கார்டு நம்பர் சொல்லுங்கள் என்றாள்.

"மருமகளே," என்றார் அவர் நிதானமாக, "அடுப்புல பால் பொங்குது. போய்ப் பாரு."

இன்னொரு நாள் புருஷனை விட்டுப் பேசச் சொன்னாள். அவன் பேசத் தொடங்கியதும், "என்னடா சளி பிடிச்சிருக்கா?" என்று கேட்டார். அவனும் ஆமாம்ப்பா என்று சொல்லிவிட்டு மாத்திரை கேட்டு வந்து நின்றான். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"வீட்டுக் குரல் உங்களுக்குத் தெரியும் மாமா. தெரியாத குரல் வந்தா என்ன பண்ணுவீங்க?"

"வரட்டும், பார்க்கலாம்."

"பார்க்கலாம்னா? போனது போனதுதான். அப்புறம் என்னத்தைப் பார்க்கிறது?"

அவர் பேப்பரை விரித்தார்.

அந்த வாரக் கடைசியில் மழை. வண்டிகள் அங்கங்கே நின்றுவிட்டன, கூடத்துப் போன்கள் ஓயவில்லை. அப்போது வாசல் போன் அடித்தது. பம்பரம் இங்கே ஒருவருடன் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்தாள். மாமனார் எடுத்தார், கேட்டார், தலையை ஆட்டினார். பிறகு ரிசீவரை மேஜைமேல் படுக்கவைத்துவிட்டு எழுந்து, இழுத்து இழுத்து நடந்து, கூடத்தின் முழு நீளத்தையும் தாண்டி இவளிடம் வந்தார். அவருக்கு முழங்கால் வலி. அந்த நடையைப் பார்க்க இவளுக்கு ஒரு யுகம் மாதிரி இருந்தது.

"யாரோ லைன்ல இருக்கான். நம்ம வண்டி டிரைவர்ங்கிறான். ஒரு வீட்டு விலாசம் வேணுமாம். நான் ஒண்ணும் சொல்லல. நீ வந்து பேசு."

ஓடிப்போய் எடுத்தால், நிஜமாகவே டிரைவர்தான். தண்ணீர் தேங்கி தெருப் பெயர்ப்பலகை தெரியவில்லை, உங்கள் போன்கள் எல்லாம் பிஸி என்று கத்தினான். சொல்லி அனுப்பினாள். சிலிண்டர் போய்ச் சேர்ந்தது. கொஞ்சம் தாமதம்தான், ஆபத்து ஒன்றும் இல்லை.

ஆனால் அவளுக்கு ஆத்திரம். "இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்களே, அதுக்குள்ள அங்க ஒரு உசிரு போயிருந்தா? அவன் குரல் உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு," என்றார் மாமனார். "தெரிஞ்ச மாதிரி இருந்துச்சுன்னுதான் போன தடவையும் படிச்சேன்."

அவர் சொல்வதும் நியாயம், அவள் பயமும் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் அந்த டிரைவர் மழையில் நின்றான். யாரைத் திட்டுவது?

அப்புறம் ஒரு மத்தியான வேளை. சாப்பிட்டு முடித்து எல்லாருக்கும் கண் சொருகுகிற நேரம். வாசல் போன் அடித்தது. மாமனார் எடுத்தார். கேட்டுக்கொண்டே இருந்தார். அலமாரியைப் பார்த்தார். திறந்து கிடந்த அலமாரிக்குள் மஞ்சள் உறை போன் ஒரு தரம் மினுக்கியது இங்கிருந்தே அவளுக்குத் தெரிந்தது. அவள் எழுந்து நின்றாள். எழுந்து நிற்க என்ன இருக்கிறது, ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தாள். கால் மட்டும் நகரவில்லை. கத்தினால் தானே விதியை மீறிய மாதிரி ஆகும், ஓடினால் சொல்லிக் கொடுத்த மாதிரி ஆகும்.

மாமனார், "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லி ரிசீவரைக் கீழே வைத்தார். இவள் பக்கம் வரவில்லை. அலமாரியைப் பூட்டிச் சாவியை மேல்சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏற ஆரம்பித்தார். ஒரு படி, ஒரு மூச்சு, ஒரு படி.

மேலே நடந்ததை அவளுக்குப் பிற்பாடு பூட்டே சொன்னான். அவன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ஒப்புக்குக் கொஞ்சம் இருமிக்கொண்டு காத்திருந்தானாம். கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. உள்ளே வா என்று அசல் குரலில் சொல்லிவிட்டான். கதவைத் திறந்து மாமனார் மூச்சு வாங்க நின்றார்.

"சார், கீழ யாரோ லைன்ல இருக்கான். மஞ்சள் உறை போன்ல வந்த நம்பர் வேணும்ங்கிறான். பாதுகாப்பு உங்க வேலையாச்சே, வந்து நீங்களே பேசிடுங்க." அப்புறம் அவன் கையிலிருந்த ரிசீவரைப் பார்த்தாராம். "ஓ, நீங்களும் பேசிக்கிட்டுத்தான் இருக்கீங்களா? அப்ப முடிச்சுட்டு வாங்க. அவன் காத்திருப்பான்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படி இறங்கினார். பூட்டு எவ்வளவு நேரம் அந்த ரிசீவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

மேனேஜரம்மா யாரையும் கூப்பிடவில்லை. அதுதான் அவள் சொன்ன நல்ல வார்த்தை. பிறகு கருவியும் வந்தது, கறுப்பாக, விரல் நீளத்துக்கு. எல்லாரும் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். பம்பரம் ஓடினால் அது நெஞ்சில் தட்டிக்கொண்டே கூட ஓடியது. ஸ்கிரீன் பூட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே குனிந்து பார்த்துப் போட்டாள். வேலை நடந்தது. முன்பு மாமனார் படித்த காலத்து வேகம் இல்லை, ஆனாலும் நடந்தது. மாமாவைக் கூப்பிட யாருக்கும் தேவை இல்லாமல் போனது. அவர் வாசலில் அடையாள அட்டையைப் பார்ப்பதில் மும்முரமானார். ஒரு நாள் அட்டையை மறந்து வந்த மேனேஜரம்மாவையே வெளியே நிற்க வைத்தார் என்று கேள்வி. அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று யாரும் சொல்லவில்லை.

அன்று பம்பரம் ஆபீஸ் முடிந்து கடைக்கும் போய்விட்டு, இரண்டு கையிலும் பையோடு வீட்டுக்கு வந்தாள். மாமனார் முன்னாலேயே வந்து உள்ளே தாழ் போட்டிருந்தார். அவள் முழங்கையால் கதவைத் தட்டினாள்.

"யாரு?"

"நான்தான் மாமா."

"நான்தான்னா யாரு?"

"உங்க மருமக. கதவைத் திறங்க, கை கழண்டு விழப் போகுது."

அவள் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். ஒரு பையின் அடி கிழியத் தொடங்கியிருந்தது.

"குரல் தெரிஞ்ச மாதிரிதான் இருக்கு," என்றார் உள்ளிருந்து. "இருங்க, என் பையனைக் கூப்பிட்டுக் கேட்டுச் சொல்றேன்."